குடியை நிறுத்திய மறுநாளிலிருந்து: எங்கள் ஞாயிறு கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் குடவாசலுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஒரு டியூஷன் வகுப்பறையில் கூடுகிறோம். குடியை விட்டவர்கள் வருகிறார்கள். விட நினைக்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய மனைவி, அம்மா, அண்ணன், தம்பி வருகிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் இரண்டு மூன்று பேரும் வருகிறார்கள். எங்களில் டாக்டர் யாரும் கிடையாது. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் தம்பியின் குடிதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. கூட்டத்திலும் வாசலிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எங்களுக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடுவதில்லை. அப்படியானால் அவரால் முடியும்தானே? வேண்டுமென்றுதானே குடிக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்காத மனைவி எங்கள் கூட்டத்தில் இல்லை. கேட்கும்போது குரலில் இருக்கும் கோபமும் நியாயமானது.

ஆனால் மாலை போட்டவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். விடியற்காலையில் எழுந்து குளிக்கிறார். கறுப்பு வேட்டி கட்டுகிறார். நேற்றுவரை பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத தெரு, சாமி என்று கூப்பிடுகிறது. கூடக் குடித்தவனே "நீங்க இந்தப் பக்கம் வராதீங்க சாமி" என்று ஒதுங்கிப் போகிறான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நமநமக்கும் நேரத்தில் பஜனை இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. குருசாமி ஒருவர் இருக்கிறார், தப்பு செய்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் தனித் தட்டு, தனிச் சாப்பாடு, மரியாதை.

மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. பழைய பெயர், பழைய தெரு, ஆறு மணிக்குப் போக இடமில்லாத பழைய சாயங்காலம். அன்று அவர் குடிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கூட்டம் செய்யப் பார்ப்பது இவ்வளவுதான்: மாலை கொடுத்ததில் பாதியையாவது, மாலை இல்லாத 317 நாளும் கொடுப்பது. மரியாதையான ஒரு பெயர், சாயங்காலம் உட்கார ஓர் இடம், முகம் பார்த்துப் பேச ஓர் ஆள்.

நாளையிலிருந்து குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் என் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவன் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். அதற்கு முந்தின ராத்திரி வரை தினமும் குடித்தவன். காலையில் கண் விழித்ததும் கைநடுக்கம் நிற்பதற்கே ஒரு கட்டிங் வேண்டியிருந்த நிலை. முதல் நாள் வியர்த்து ஊற்றியது, வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் காலை டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி கீழே சிந்தியது. அன்று ராத்திரி வலிப்பு வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தோம். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான், என்னை எங்கள் செத்துப்போன அப்பா என்று நினைத்துப் பேசினான். சாமி குத்தம் என்றார்கள். நாங்களும் நம்பினோம். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா சத்தம் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவன் இல்லை.

தினமும் நிறையக் குடித்த உடம்பு சாராயத்துக்குப் பழகி, அது இருக்கும் என்ற கணக்கிலேயே நரம்புகளை ஓட்டிக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, இடம் ஆள் தெரியாமல் பேசுவது, கடும் காய்ச்சல் போன்றவை இரண்டு மூன்று நாள் கழித்து வரலாம். இந்தக் கடைசி நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகும்.

ஆகவே காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர், மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர் யாரும் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை தடாலென்று நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில நாள் மருந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, பத்திரமாக இறக்கி விடுவார்கள். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பல வருடம் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், ஞாபகம் திரும்பாமலே போகலாம். "இவர் தினமும் குடிக்கிறவர்" என்று நர்ஸிடமும் டாக்டரிடமும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இதை மறைப்பதால் வரும் கேடுதான் பெரிது.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மருந்து கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்கிறார்களே?

வேண்டாம், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்பிராம் என்ற மாத்திரை உண்டு. டாக்டர் பரிசோதித்து, நோயாளி சம்மதித்து, குடித்தால் என்ன ஆகும் என்று முழுக்கத் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டியது அது. தெரியாமல் கொடுத்துவிட்டு அவர் கடைக்குப் போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சுவலி வரை போகும். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் அந்த ஆபத்து இருக்கும். பெயர் போடாத பொட்டலத்தில் விற்கும் "குடி மறக்கும் பொடி"யில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஆசையைக் குறைக்கும் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றையும் டாக்டரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

கை காலைக் கட்டியாவது ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்றிருக்கிறது. நல்ல மையம் சொல்லுங்கள்.

உங்கள் களைப்பு எங்களுக்குப் புரிகிறது. என் தம்பியை இரண்டாவது முறை நாங்களும் அப்படித்தான் அனுப்பினோம். நள்ளிரவில் வேனில் நான்கு பேர் வந்து தூக்கிப் போனார்கள். இரண்டு மாதம் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு. வந்த ஆறாம் நாள் குடித்தான். அதோடு, எங்களை நம்புவதையும் விட்டிருந்தான், அதைத் திரும்பப் பெற எங்களுக்கு வருடக்கணக்கானது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் போதைநோய்க்கும் பொருந்தும். அதன்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். அதை எதிர்த்து முறையிட வாரியம் இருக்கிறது, இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமையும் இருக்கிறது.

ஒரு மையத்துக்குப் போனால் நேரில் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா? மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார்? வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம்? உள்ளே இருப்பவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

டாக்டர் இல்லாமல் நீங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகிவிடும்?

டாக்டர் செய்வதை நாங்கள் செய்வதில்லை. உடம்பை நச்சிலிருந்து இறக்குவது ஆஸ்பத்திரி வேலை, அதற்குச் சில நாள் போதும். அந்தச் சில நாளுக்குப் பின்னால் வரும் வருடங்களை யார் பார்ப்பது என்பதுதான் எங்கள் கவலை.

ஆஸ்பத்திரியை எட்டுகிறவர்களும் குறைவு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேரும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு திண்ணையில்தான் இருக்கிறார்கள்.

சாதாரண மனிதர்களால் உதவ முடியும் என்பதற்குச் சோதித்துப் பார்த்த சான்றும் இருக்கிறது. கோவாவில் மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும் ஆண்களிடம் குடியைப் பற்றி அதிகபட்சம் நான்கு தடவை உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். 2017-இல் வெளியான முடிவில், மூன்று மாதம் கழித்து அப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 26 சதவீதம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கெடுதலாகக் குடிப்பவர்களிடம் செய்த சோதனை, முற்றாக அடிமையானவர்களிடம் செய்தது இல்லை. அவர்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, மருத்துவமும் வேண்டும்.

மஞ்சக்குடி முகாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

எங்கள் பக்கத்து ஊர் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன்.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைப் பூட்டி வைக்காமல், குடி ஒரு நோய், அதற்கு மரியாதையான சிகிச்சை வேண்டும் என்று கிளம்பினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் சென்னைக்கு வந்து வாரக்கணக்கில் தங்க எங்கள் பக்கத்து விவசாயக் கூலிக்கு முடியுமா? கூலி போகும், பஸ் காசு வேண்டும், பெரிய ஊரைப் பார்த்தாலே பயம். அதனால் ஆஸ்பத்திரியையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1980-களின் இறுதியில் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் தொடங்கியது.

ஊர்தான் இடம் கொடுக்கும், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும், யாரை அழைத்து வரலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசும். டாக்டரும் நர்ஸும் ஆலோசகர்களும் வந்து தங்கிச் சிகிச்சை கொடுப்பார்கள். வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். முகாம் முடிந்த பிறகும் ஊருக்கே வந்து பார்ப்பார்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. 15 நாள் சிகிச்சை பெறுகிறவரை ஊரே பார்க்கிறது. இவன் திருந்த நினைக்கிறான் என்று டீக்கடைக்காரருக்குத் தெரிகிறது, நிலத்துக்காரருக்குத் தெரிகிறது. முகாம் முடிந்து அவர் நடந்து போவதும் அதே தெருவில்தான். வெளியூரில் ரகசியமாகச் சிகிச்சை எடுத்துத் திரும்புகிறவருக்கு இந்தத் துணை கிடைப்பதில்லை. மானம் போகும் என்று மறைக்கிறோமே, அந்த மறைப்பால்தான் ஊர் கை கொடுக்கவும் வழியில்லாமல் போகிறது.

ஏ.ஏ. கூட்டமும் உங்கள் கூட்டமும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் நிறையக் கற்றுக்கொண்டோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதைத்தான் ஏ.ஏ. என்கிறார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணை நின்றதில் ஆரம்பித்தது. ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் டாக்டர். கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். தமிழ்நாட்டு நகரங்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ வேலை செய்கிறது என்று கண்டார்கள்.

கடவுள் பேச்சு வருமா என்று சிலர் தயங்குகிறார்கள். வரும். அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் அங்கே சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் பெரியார் படம் மாட்டிய வீட்டிலிருந்து வருகிறவரும் உண்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவரும் உண்டு. அவரவர் பிடிமானம் அவரவருக்கு.

அவர் வர மாட்டார். நான் மட்டும் வரலாமா?

வாருங்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். குடிக்கிறவரின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951-லிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. வீட்டாருக்கும் உதவி தேவை என்பது புதிதாக நாங்கள் கண்டுபிடித்ததில்லை.

இங்கே வரும் பெண்கள் முதலில் அவரைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். எங்கே ஒளித்து வைக்கிறார், யாரிடம் கடன் வாங்கினார், எந்தக் கடையில் நின்றார். மூன்றாம் வாரம் யாராவது "நீ எப்போ சாப்பிட்டே அண்ணி?" என்று கேட்பார்கள். அப்போதுதான் அழுகை வரும்.

நாங்கள் சொல்வது கொஞ்சம்தான். குடித்திருக்கும்போது சண்டையும் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். காலையில், தெளிந்திருக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள். மேஸ்திரியிடம் போய் "காய்ச்சல், அதான் வேலைக்கு வரலை" என்று அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். அவருடைய கடை பாக்கியை நீங்கள் அடைக்காதீர்கள். மகளிர் குழுக் கடனை எடுத்து அவர் கடனைக் கட்டியவர்கள் எங்களிடம் பலர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் அது குடியை நிறுத்தவில்லை, வாராந்தரத் தவணை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

அடி விழுந்தால் இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடிநோய் என்பது அடிப்பதற்கான மன்னிப்புச் சீட்டு கிடையாது. இதை எங்கள் கூட்டத்து ஆண்கள் முன்னாலேயே சொல்கிறோம்.

குடியை விட்டு மூன்று மாதமாகிறது. ஆனால் யாரிடமும் பேசுவதில்லை, தூங்குவதில்லை, "நான் இருந்து என்ன" என்கிறார். குடித்தபோதே நன்றாக இருந்தாரோ என்று தோன்றுகிறது.

இப்படித் தோன்றியதற்காக உங்களை நீங்களே வெறுக்காதீர்கள். பலர் இதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சிலர் குடிப்பதே உள்ளே இருக்கும் பயத்தையும் சோர்வையும் அமுக்கி வைக்கத்தான். மூடி போனதும் அது மேலே வருகிறது. இன்னும் சிலருக்கு, போன வருடங்களும் தொலைத்த நிலமும் பேசாத மகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இரண்டுமே மருத்துவம் பார்க்க வேண்டியவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். 14416 என்பது டெலி-மானஸ் எண். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

"நான் இருந்து என்ன" என்பதைச் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான பயம். கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றே செய்ய வேண்டிய இன்னொன்று, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் எலி மருந்தையும் அகற்றுவது. நம் டெல்டாவில் கொல்லைப்புறத் தாழ்வாரத்திலேயே டப்பா இருக்கும். அந்த எண்ணம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்தக் கொஞ்ச நேரம் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது. சென்னையில் 1986-இல் தற்கொலைத் தடுப்புக்காக சிநேகாவைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் கட்டடம் கட்டி, பூட்டுப் பெட்டிகள் வைத்து, வேண்டும்போது மட்டும் எடுத்துப் போகும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். எங்கள் தெருவில் கட்டடம் இல்லை. ஒருவர் வீட்டு டப்பாவை இன்னொருவர் வீட்டில் பூட்டி வைக்கிறோம், மருந்தடிக்கும் அன்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

யாராவது முயற்சி செய்துவிட்டால் போலீஸ் கேஸாகும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே சட்டம் அவரைக் கருதுகிறது, அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

காத்து கருப்பு, செய்வினை என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகலாமா?

போங்கள். மனது அங்கே ஆறுகிறது என்றால் அதைத் தடுக்க நாங்கள் யார்? மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொன்றது பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத வீடுகளும், கட்டிப்போட்ட கைகளும்தான் காரணம். சாமி கும்பிடும் இடத்தில்கூட யாரையும் கட்டிப்போட விடாதீர்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் போச்சா?

இல்லை. அந்த இரண்டு வருடம் அவருடையது, யாரும் எடுத்துவிட முடியாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் வைத்தியத்தையே விட்டுவிடுகிறோமா? என் தம்பி நான்கு முறை விழுந்து எழுந்தவன். இப்போது அவன்தான் எங்கள் கூட்டத்தில் நாற்காலி போடுகிறான்.

விழுந்தவர் வெட்கத்தில் ஒளிவார். அப்போது தேடிப் போக வேண்டும். நாங்கள் இரண்டு பேராகப் போவோம், "ஞாயிற்றுக்கிழமை உங்க இடம் காலியா இருந்துச்சு" என்பதைத் தவிர வேறு பேச மாட்டோம்.

தெருக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி எங்களுக்கு எப்போதாவதுதான் வருகிறது. தினமும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கூலியிலிருந்து ஆரம்பிக்கலாம். கட்டட வேலையில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். கையில் காசு, உடம்பில் அசதி, போகும் வழியில் கடை. எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவர், கேட்டுக்கொள்கிறவர்களுக்கு மட்டும் ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்து சம்பளம் கொடுக்கிறார். கேட்காதவர் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் அது வேறு அநியாயம்.

அடுத்தது துக்க வீடு. குழி வெட்டுகிறவருக்கும் மேளம் அடிக்கிறவருக்கும் கூலியோடு பாட்டில் கொடுப்பதை வழக்கம் என்கிறோம். குடித்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று நாமே முடிவுகட்டி, தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் மீது குடியைச் சுமத்தியிருக்கிறோம். இதை நான் பாவம் என்றே நினைக்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் குழி வெட்டுகிறவர். குடியை விட்ட பிறகு பாட்டிலை மறுத்து, அந்தக் காசையும் சேர்த்துக் கூலியாகக் கொடுங்கள் என்று கேட்டார். முதல் தடவை அவரைத் திட்டி அனுப்பினார்கள். இப்போது மூன்று தெருவில் கொடுக்கிறார்கள். கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும்.

கல்யாணத்திலும் கிடாவெட்டிலும் குடியை விட்டவரைத் தோளில் கைபோட்டு "ஒரே ஒரு ரவுண்டு" என்று இழுக்காதீர்கள். அதேபோல் அழைக்காமலும் விட்டுவிடாதீர்கள். பந்தி பரிமாறும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள், சீட்டுக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். குடித்த காலத்தில் யாரும் அவரை நம்பி எதையும் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். ஒரு சாவியை நம்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று வாங்கியவரைக் கேட்டால் தெரியும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பாக்கெட் சாராயம் விற்றால் உடனே 10581 என்ற மதுவிலக்கு எண்ணுக்குச் சொல்லுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குடித்துவிட்டுப் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

பையன் கஞ்சா அடிக்கிறான், வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுகிறான் என்று கேள்விப்பட்டோம்.

ஊரைக் கூட்டாதீர்கள், அடிக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போதைநோய்க்கான தேசிய உதவி எண் 14446. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவரை, சிறிய அளவு வைத்திருந்ததற்கும் பயன்படுத்தியதற்கும் வழக்கிலிருந்து காக்கும் பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே உண்டு, 64-ஏ என்பது அது. ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை சோதனையும் செய்ய வேண்டும்.

குடிக்கிற பெண்களும் வரலாமா?

வரலாம். பெண்களுக்குத் தனியாகப் பேச வேண்டுமென்றால் புதன்கிழமை மதியம் எங்கள் குழுவின் அக்கா ஒருவர் வீட்டிலேயே உட்காருகிறார். உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்த நாற்று நடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்குக் கிடைக்கும் பரிதாபத்தில் கால்வாசிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

முதல் தடவை வந்தால் என்ன நடக்கும்?

வாசலில் யாராவது நிற்பார்கள், அநேகமாக என் தம்பி. பெயர் கேட்க மாட்டோம், நீங்களாகச் சொன்னால் சரி. குடித்துவிட்டு வந்திருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம், கடைசி வரிசையில் அமைதியாக உட்காரலாம். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு வாரம் வாய் திறக்காமல் வந்துபோனவர் இருக்கிறார். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் முதலில் சொல்லித்தான் தொடங்குவோம். நடுவில் சுக்குக் காபி வரும். காசு கொடுக்க வேண்டாம்.

ஆறரைக்கு முடித்துவிடுவோம், அப்போதுதான் கும்பகோணம் பஸ்ஸைப் பிடிக்க முடியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையென்றால் கூட்டிக்கொண்டே வாருங்கள். பக்கத்து அறையில் கரும்பலகையும் சாக்பீஸும் இருக்கின்றன.